மேல்படியில் நின்றவர்

மார்ச் 4

அன்புள்ள ஊதாக்கைக்கு,

சர்க்கஸ் யானை கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு காய்கறிச் சந்தைக்குள் புகுந்து முட்டைக்கோசை எல்லாம் தின்று தீர்த்தது ஒரு வருஷம். எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்ததும் அதே வருஷம். பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்த தபால்காரர் சாக்கடையில் விழ, நான்தான் கைகொடுத்துத் தூக்கினேன். பழைய பாலத்தின் நடுத்தூண் சாய்ந்ததும் அப்போதுதான். அந்த வருஷ மழையின் கடைசியில்தான் ஆறு ஆஸ்பத்திரிக்குள் வந்தது. உனக்கு ஆறு வயது. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. நான் பிள்ளைகள் வார்டில் அட்டெண்டர்.

கிழவனுக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று நீ சொல்லிவிடக் கூடாது பார், அதற்காகத்தான் யானையிலிருந்து தொடங்கினேன்.

நீ அனுப்பிய புதுப் புத்தகம் வந்தது. நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதுகிறவள் என் மருமகள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "படிச்சுக் காட்டட்டுமா மாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உன் புத்தகம் எதையும் நான் பிறர் படித்துக் கேட்டதில்லை. எழுத்து தெரியாதவனுக்குப் படம்தான் எழுத்து. இத்தனை வருஷமாக நீ அனுப்பியதை எல்லாம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். உன் கதைகளில் வருகிற சூனியக்காரிக்கு நம் சலவைக்கூடத்து விறைப்பக்காவின் மூக்கு இருப்பதும் எனக்குத் தெரியும். பூனை வேஷத்தில் ஒரு தடவை வந்தாள், அப்போதும் கண்டுபிடித்துவிட்டேன்.

இந்தப் புத்தகம் நம் ஆஸ்பத்திரி என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தது. கட்டில்கள் சரி. கம்பி ஜன்னல் சரி. வாசலில் தண்ணீர் ஏறுகிற நிறம்கூடச் சரி, அந்தக் கலங்கல் அப்படியேதான் இருந்தது. பிறகு மாடிப்படிப் படம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்து வரைந்திருக்கிறாய். படியில் ஒரு ஆள் இல்லை. மேலே பெரிய வெள்ளைச் சிறகோடு ஒரு உருவம். பிள்ளைகள் எல்லாம் பஞ்சு மாதிரி மிதந்து அதன் கைக்குப் போகிறார்கள்.

நாங்கள் எங்கே ஊதாக்கை?

மாவுக்கட்டு நனைந்தால் ஊறிப்போகும், எலும்பு கோணிக்கொள்ளும். அதனால் ஒரு சொட்டுக்கூடப் படாமல் உங்களை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. படியில் வரிசையாக நின்று, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஏற்றினோம். மிதந்து போகவில்லை நீங்கள். நீ என்ன கனம் கனத்தாய் என்று என் முதுகைக் கேள், இன்றைக்கும் குளிர்காலத்தில் சொல்லும்.

மனதில் வைத்துக்கொண்டிருந்தால் தூக்கம் வராது என்று சொல்லிவிட்டேன். கோபமா என்று மருமகள் கேட்கிறாள். கோபம் இல்லை. அலுப்பு.

கரடி மாமா


மார்ச் 19

அன்புள்ள கரடி மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னியுங்கள். வலது கை நடுங்குகிறது. போன மழையில் லேசாகத் தொடங்கியது, இப்போது தேநீர்க் குவளையைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கிறேன். இது கூடும், குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் புத்தகம் முழுவதையும் நடுங்கும் கையை மேஜையில் அழுத்திவைத்து வரைந்தேன். அதற்கு உங்களிடமிருந்து வந்த முதல் வார்த்தை "நாங்கள் எங்கே".

நான் பார்த்ததைத்தான் வரைந்தேன் மாமா. மல்லாக்கப் படுத்தபடியே போனேன். தலையைத் திருப்ப முடியாது. கீழே யார் நின்றார்கள், யார் பிடித்தார்கள், எதுவும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் கூரை மட்டும். படி திரும்பிய பிறகு மேலே வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் பெரிய வெள்ளை விரிந்து என்னை மூடிக்கொண்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதார். "உன்னைத் தூக்கினது மேல இருந்து வந்தவங்கடி. தினமும் நன்றி சொல்லிட்டுத்தான் தூங்கணும்" என்றார். சொன்னேன். கல்யாணமான பிறகும், பிள்ளைகள் பெரியவர்களாகிப் போன பிறகும் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார், "உன் வெள்ளைக்காரருக்கு என் வணக்கத்தையும் சேர்த்துச் சொல்லு" என்று.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடையில் நின்று அந்த வெள்ளையைக் கூப்பிட்டேன். வாழ்நாள் முழுவதும் நன்றி சொன்னவளுக்கு ஒரே ஒரு தடவை. வரவில்லை. அதற்குப் பிறகு நான் நன்றி சொல்வதை நிறுத்திவிட்டேன். வராதவரை வரவழைக்கத்தான் இந்தப் புத்தகத்தை வரைந்தேன். என்னிடம் மிச்சமிருக்கிற நம்பிக்கை அந்த இரண்டு பக்கம்தான்.

பதிப்பாளர் மறுபடி அச்சிடுகிறார். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் மே மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். மாற்ற மாட்டேன். அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

விறைப்பக்காவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். விரிப்பில் படம் போட்டதற்காக என் கையில் அடித்தவர் அவர். ஒரு சின்னப் பிள்ளையால் வேறு எப்படிப் பழிவாங்க முடியும்?

இப்படிக்கு,
ஊதாக்கை


ஏப்ரல் 2

அன்புள்ள ஊதாக்கைக்கு,

உன் கடிதத்தை மருமகள் இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொண்டாள். உன் வீட்டுக்காரரைக் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். சாப்பிடும்போது என் இலைக்குத் தானே பரிமாறினார். அட்டெண்டருக்கு மாப்பிள்ளை பரிமாறிப் பார்த்தது அந்த ஒரு கல்யாணத்தில்தான். உன் கை சங்கதி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன்.

கடவுள் விஷயத்தில் எனக்குப் பிடிமானம் போதாது. இருக்கிறார் என்கிறவர்களோடும் சண்டை இல்லை, இல்லை என்கிறவர்களோடும் இல்லை. என் சண்டை அதுவல்ல. படியில் நின்றவர்களை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு உன் இஷ்டம். நான் போய்விட்டால் இதைச் சொல்ல ஆள் இருக்காது.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். தண்ணீர் முதலில் சமையல்கட்டு வழியாகத்தான் வந்தது. சமையல்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். கையில் கரண்டியை விடவே இல்லை மனுஷன். அவரை இரண்டாவது படியில் நிறுத்தினேன். கரண்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு பிள்ளைகளை வாங்கினார். அவருக்கு மேலே கம்பவுண்டர். படம் போட ஊதா மருந்தைத் திருடுகிறாய் என்று உன்னைப் பிடித்துவிட்டு, மறுநாள் உன் தலைமாட்டில் ஒரு சின்னப் புட்டியைத் தானே வைத்துவிட்டுப் போனாரே, அவர்தான். அதற்கு மேலே பெரிய சிஸ்டர், சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு. அதற்கு முன்னும் பின்னும் அவர் முழங்காலை யாரும் பார்த்ததில்லை. படி திரும்புகிற மூலையில் வாட்ச்மேன். அவன் முதலில் ஓடிப்போனவன். பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தான். "எங்கடா போன?" என்று சமையல்காரர் கேட்டதற்கு, "கேட்டைப் பூட்டப் போனேன்" என்றான். அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆற்றுக்கு எதிராகக் கேட்டைப் பூட்டியவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

நான் அடியில் நின்றேன், தண்ணீருக்குள். வார்டிலிருந்து கட்டில் கட்டிலாக உங்களை எடுத்து வருவேன், கரண்டிக்காரர் கையில் கொடுப்பேன். நீ போகும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாய். உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். காலரில் ஊதா ஒட்டிக்கொண்டது. எத்தனை துவைத்தும் போகவில்லை, அந்தச் சட்டை கிழிகிற வரைக்கும் இருந்தது.

நீ பார்க்காதது உன் தப்பு இல்லை. ஆனால் உன் புத்தகத்தைப் பார்க்கிற பிள்ளைகள், ஆபத்து வந்தால் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வரிசையில் ஒரு கை நழுவியிருந்தால் இன்றைக்குப் புத்தகமும் இல்லை.

நானும் ஓய்ந்துவிட்டேன். இதற்கு மேல் வாதாட மாட்டேன்.

கரடி மாமா

(மாமா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். வாதாட மாட்டேன் என்று எங்களிடமும் தினமும் சொல்வார். – மருமகள்)


ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

மாற்ற மாட்டேன் என்று எழுதிய கையாலேயே காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். வீம்புக்குத்தான். கரண்டியை இடுப்பில் சொருகியவர் எப்படி நிற்பார் என்று ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். நின்றுவிட்டார். கம்பவுண்டர் வந்தார். அவர் கண்ணாடி ஒரு பக்கம் கயிறு கட்டியிருக்கும், அது எனக்குக் கை வழியாகத்தான் ஞாபகம் வந்தது. கோடுகள் நடுங்குகின்றன. ஆனால் தண்ணீரில் நிற்பவர்களும் நடுங்கத்தானே வேண்டும் என்று விட்டுவிட்டேன். உங்களை வரைந்து முடித்ததும் படுத்துக்கொண்டேன். அடுத்த நாளும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒரு படத்துக்கு இவ்வளவு களைப்பு முன்பெல்லாம் வந்ததில்லை.

மூலை வரைக்கும் வரிசை வந்துவிட்டது. திரும்பியதும் நின்றுவிட்டது. மேல்படியில் யார் மாமா? வாட்ச்மேன் கையிலிருந்து என்னை வாங்கியது யார்? நீங்கள் எல்லோரையும் சொன்னீர்கள், அந்த ஒருவரைச் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பதிலுக்குப் பயமாக இருக்கிறது. அங்கே சும்மா ஒரு ஆள்தான் நின்றார் என்றால், இத்தனை வருஷம் நான் யாருக்கு நன்றி சொன்னேன்? இரவில் கண்ணை மூடிச் சொன்னதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது? யாரும் நிற்கவில்லை, தெரியவில்லை என்று நீங்கள் சொன்னால் மேலே சிறகை அப்படியே வைத்துவிடுவேன். கீழே உங்கள் எல்லோரையும் வைத்துவிடுவேன். இரண்டு பேரும் சமாதானமாகப் போய்விடலாம்.

இன்னொன்று. பதிப்பாளர் ஒரு திருத்தம் கேட்கிறார். சிறகின் கீழ் ஓரத்தில் மூன்று சின்ன நீலக் கோடுகள் இருக்கின்றன, அச்சில் கீறல் விழுந்த மாதிரி தெரிகிறதாம், எடுத்துவிடலாமா என்கிறார். நான் வேண்டுமென்று போட்டது இல்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து அந்த வெள்ளையை எப்போது வரைந்தாலும் கை அங்கே போய் அந்தக் கோடுகளைப் போட்டுவிடும். இல்லாவிட்டால் படம் பொய்யாகத் தெரியும். ஏன் என்று எனக்கே தெரியாது. எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இதுதான் நான் வரைகிற கடைசிப் படமாக இருக்கும். சரியாக இருக்க வேண்டும்.

புதுப் பதிப்பு வந்ததும், படியில் நின்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று அனுப்ப ஆசை. இன்னும் யார் யார் இருக்கிறார்கள்?

ஊதாக்கை


மே 6

அன்புள்ள ஊதாக்கைக்கு,

மேல்படியில் யார் என்று உன்னிடம் சொல்லாமல் மறைக்கவில்லை. எனக்குத் தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து மூலைக்கு மேல் பார்க்க முடியாது. வாட்ச்மேனைக் கேட்டிருக்கலாம். அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைகள் போனார்கள், வெறும் கை திரும்பி வந்தது, மேலே யாரோ வாங்குகிறார்கள் என்று எல்லோரும் நம்பி ஏற்றினோம். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு நானும் முகம் தெரியாத ஒருவரை நம்பித்தான் உன்னைக் கொடுத்திருக்கிறேன். இது உன் கடிதம் வருகிற வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று நீலக் கோடு என்று மருமகள் படித்ததும், புத்தகத்தை எடுத்து வா என்றேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று கோடும் ஒரு புள்ளியில் சேருகிறது. கோழிக்கால்.

உனக்கு இது தெரிந்திருக்க வழி இல்லை. விறைப்பக்காவுக்கும் என்னைப் போலவே எழுத்து தெரியாது. எந்த விரிப்பு எந்த வார்டு என்று தெரிவதற்காக மூலையில் தையல் போட்டுவைப்பாள். ஆண்கள் வார்டுக்குச் சிவப்பு நூலில் வட்டம். பிரசவ வார்டுக்குப் பச்சையில் இலை. பிள்ளைகள் வார்டுக்கு நீல நூலில் கோழிக்கால்.

மாடியில்தான் துணி உலர்த்துகிற இடம். அன்றைக்கு அவள் அங்கே இருந்திருப்பாள். அதற்கு மேல் இன்னொன்று ஞாபகம் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அவள் இரண்டு கையிலும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. "என்னக்கா இது?" என்றேன். "துவைச்சேன்" என்று போய்விட்டாள். மாவுக்கட்டின் ஓரம் காய்ந்த பிறகு அரம் மாதிரி இருக்கும். எங்கள் எல்லோர் கையிலும் அதே சிராய்ப்புதான். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

எழுதிக் கேட்டால் போதாது என்று நேரில் போனேன். மருமகள் துணைக்கு வந்தாள். பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் உயிர் போய் வந்தது. தன் தங்கை மகன் வீட்டில், பின்கட்டு அறையில் இருக்கிறாள். என்னைவிட மூத்தவள். கண் தெரிகிறது, காதுதான் பாதி. அவள் கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

என்னைப் பார்த்ததும், "ஏய் கரடி, நீ இன்னும் போகலையா?" என்றாள்.

"உன்னை முன்னாடி அனுப்பிட்டுப் போகலாம்னு இருக்கேன்க்கா."

"வரிசையில நில்லு. காலைக் கழுவிட்டு உள்ள வா."

புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தாள். விரலால் அந்தக் கோழிக்காலைத் தொட்டாள். பிறகு, "இது என்னடா, சிறகாப் போட்டிருக்கு? புது விரிப்பு அது. பெரிய டாக்டர் பார்வைக்கு வராருன்னு அலமாரியில பூட்டி வச்சிருந்தாங்க. பூட்டை உடைச்சுத்தான் எடுத்தேன்" என்றாள்.

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா? நான் மழையில நனைஞ்சு சொட்டச் சொட்ட நின்னேன். அப்படியே வாங்கினா கட்டு என்னாகும்? காஞ்ச விரிப்பைக் கழுத்துல ஒரு முனை, இடுப்புல ஒரு முனை கட்டிக்கிட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு விரிப்பு. ஈரமானதைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்தது."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல? படியில நின்னவங்களையெல்லாம் கூப்பிட்டு மாலை போட்டாங்களே."

"பூட்டை உடைச்சது யாருன்னு தேடிக்கிட்டிருந்தாங்க. மாலையை வாங்கிக்கிட்டு மாட்டிக்கச் சொல்றியா?"

பிறகு நானே வாயை அடக்காமல் உன் பழைய புத்தகங்களையும் காட்டிவிட்டேன். மருமகள் என் முழங்கையில் இடித்தாள், நான் கேட்கவில்லை. சூனியக்காரியைப் பார்த்தாள். அடுத்த புத்தகத்துச் சூனியக்காரியைப் பார்த்தாள். பூனையையும் பார்த்தாள். "மூக்கு சரியா வந்திருக்கு" என்றாள். "விரிப்பெல்லாம் ஊதா ஊதாவாப் பண்ணினவ தானே இவ? அது கறை போகவே போகாதுடா. நானும் எதையெல்லாமோ போட்டுப் பார்த்தேன். ஒண்ணு போகல, அதை வார்டுக்கு அனுப்பாம வச்சுக்கிட்டேன்."

"எங்கக்கா இப்ப?"

"கிழிஞ்சுபோச்சு. ரொம்ப நாள் தலையணைக்குப் போட்டிருந்தேன். ஒரு மீன், அதுக்குக் குடை."

நீ மீனுக்குக் குடை பிடித்து வரைந்தாயா? எனக்கு அது ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.

நீ கேட்டாயே, நன்றி எங்கே போய்ச் சேர்ந்தது என்று. எனக்குப் பதில் தெரியாது. அவளிடம் கேட்டேன். இந்தப் பெண் தினமும் ராத்திரி உனக்கு நன்றி சொல்லியிருக்கிறாள், நீ யாரென்று தெரியாமலே, என்று காதருகே கத்திச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுக் கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "அதான் நான் நல்லாத் தூங்கறேன் போல" என்றாள்.

கேலியா நிஜமா என்று அவள் முகத்தில் எப்போதும் தெரியாது.

உன் வீட்டுக்காரர் கிடந்தபோது யாரும் ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்காதே. என் வீட்டுக்காரிக்கும் வரவில்லை. நடையில் நானும் நின்றிருக்கிறேன். சில சமயம் பிடிக்க ஆள் இருக்கிறது, சில சமயம் இல்லை. இதற்கு மேல் எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் அட்டெண்டராக இருந்திருக்கப் போகிறேன்?

படத்தைப் பற்றி நான் சொல்வது இதுதான். சிறகை எடுக்காதே. நீ பொய் வரையவில்லை, நான்தான் அவசரப்பட்டேன். ஆனால் கழுத்தில் ஒரு முடிச்சுப் போடு, இடுப்பில் ஒரு முடிச்சு. கோழிக்கால் அங்கேயே இருக்கட்டும், பதிப்பாளர் என்ன சொன்னாலும். கை இரண்டிலும் தோல் உரிந்திருக்கட்டும். மூக்கை நான் சொல்ல வேண்டியதில்லை, உன் கைக்குத் தெரியும். நடுங்கினால் நடுங்கட்டும்.

புத்தகம் யாருக்கு அனுப்ப என்று கேட்டிருந்தாய். சமையல்காரர் போய்விட்டார், என் கல்யாணத்துக்கு முன்பே. கம்பவுண்டர் தன் கடை வாசலிலேயே உட்கார்ந்தபடி போனார். பெரிய சிஸ்டர் சொந்த ஊருக்குப் போய் அங்கே காலமானதாகச் செய்தி மட்டும் வந்தது. வாட்ச்மேனைப் போன குளிர்காலத்தில் அடக்கம் செய்தோம், அவன் மகன் அந்தக் கேட் கதையைச் சொல்லச் சொல்லி என்னைக் கேட்டான், சொன்னேன். என்னைக் கணக்கில் சேர்க்காதே, எனக்கு ஒரு புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டாவதை வைத்துக்கொள்ள எத்தனை நாளோ.

ஒன்றே ஒன்றுதான் அனுப்ப வேண்டியிருக்கிறது. தபாலில் போடாதே, முடிந்தால் நீயே கொண்டு வா, காலைக் கழுவிவிட்டு உள்ளே போ. படியில் நின்றவர்களில் இன்னும் இருப்பது விறைப்பக்கா.